கொழுத்த கன்றும் பெரிய கறியும்



கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அண்டி வாழும் நம் பங்கு மக்களின் வாழ்க்கை ஒரே தலைமுறையில் வெகுவாக மாறிவிட்டது. தந்தை சிப்காட் ஆலையில் இரவு முறை வேலை பார்த்தார். மகன் பொறியியல் படித்து அமெரிக்காவிலோ கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ குடியேறிவிட்டான். பேரப்பிள்ளை பிறந்ததும் தாயை அழைக்கிறான். ஆறு மாதம் அங்கே தங்கப் புறப்படும் அந்தத் தாய், புதிய செபமாலையை மந்திரித்துப் பெற்றுக்கொள்ள வரும்போது, தயங்கித் தயங்கி ஒரு வினாவை எழுப்புகிறார். “சாமி, அங்கே பிள்ளைகள் மாட்டுக்கறியை அரைத்து விற்பதை வாங்கிச் சமைக்கிறார்களாம். நானும் என் கையால் அதைச் சமைக்கலாமா? பாவம் ஒன்றும் இல்லையே?”

ஒருவரல்லர், பலர் இவ்வாறு கேட்டுவிட்டனர். ஆகவே இம்மாதம் அவர்களுக்கு இப்பக்கத்தின் வாயிலாகவே விடை கூற விரும்புகிறேன். இதில் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. ஒன்று சமையலறையைச் சேர்ந்தது. மற்றது ஆன்மாவைச் சேர்ந்தது. சமையலறை வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவில் ‘கிடங்கு அங்காடி’ என்றொரு வகைக் கடை உண்டு. 1976ஆம் ஆண்டு சான் டியாகோ நகரில் ‘பிரைஸ் கிளப்’ என்ற பெயரிலும், 1983ஆம் ஆண்டு சியாட்டில் நகரில் ‘காஸ்ட்கோ’ என்ற பெயரிலும் தொடங்கிய இரண்டு நிறுவனங்கள் 1993இல் ஒன்றாக இணைந்தன. ஆண்டுச் சந்தா கட்டியவர்களே அங்கே பொருள் வாங்க இயலும். பண்டங்களை அலமாரியில் அழகுற அடுக்கும் வழக்கமில்லை. வந்த பெட்டியோடு உயரமாக அடுக்கி, மொத்தமாக, மலிவாக விற்கின்றனர். கால் கிலோ, அரைக் கிலோ என்ற பேச்சே இல்லை. ராத்தல் என்று நம் பாட்டன்மார் கூறிய பவுண்டுக் கணக்கில், ஒரு பெரிய குடும்பம் பல வேளை உண்ணக்கூடிய இறைச்சியை ஒரே தட்டில் கட்டித் தருவர்.

அங்கே இளம் குடும்பங்கள் விரும்பி வாங்குவன இரண்டு. ஒன்று, அரைத்த மாட்டிறைச்சி. அதாவது நம் கொத்துக்கறி. மற்றொன்று, அதையே வட்டமாகத் தட்டி உறைய வைத்தது. வட்ட ரொட்டிக்கு நடுவே வைத்து பர்கர் என்று உண்பார்களே, அதற்கானது. அதை ‘பாட்டி’ என்கிறார்கள். நம் வீட்டுப் பாட்டிக்கும் அதற்கும் தொடர்பேதும் இல்லை! நாம் இறைச்சி அடை என்று சொல்லிக்கொள்வோம்.

பொட்டலத்தின் மீது 80/20, 90/10 என்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண் கொழுப்பு நீங்கிய தசையின் பங்கு. இரண்டாம் எண் கொழுப்பின் பங்கு. அரைத்த மாட்டிறைச்சியில் நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் கொழுப்பு இருத்தலாகாது என்பது அந்நாட்டு விதி. இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் உள்ள நம் தாய்மார் இரண்டாம் எண் சிறியதாக உள்ளதைத் தேர்ந்துகொள்வது நன்று. இறைச்சி அடைகளில் சிலவற்றில் மாவு முதலிய பிணைப்புப் பொருள்களும் மசாலைப் பொருள்களும் கலந்திருப்பதுண்டு. அவற்றைச் சேர்க்க அங்கே சட்டம் இடம் தருகிறது. ஆதலால் உட்பொருள் பட்டியலைப் பேரப்பிள்ளையிடம் கொடுத்தாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமானது தூய்மையைப் பற்றியது. முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும்; மேலே சூடு பட்டதும் மடிந்துவிடும். அரைத்த இறைச்சியிலோ மேற்புறம் உட்புறம் என்ற வேறுபாடே அழிந்துபோகிறது. பெரிய ஆலைகளில் பல மாடுகளின் இறைச்சி ஒன்றாகச் சேர்ந்து அரைபடுவதால், ஒரு மாட்டில் இருந்த கிருமி நூறு அடைகளில் பரவக்கூடும். 1993ஆம் ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், சரியாக வேகாத பர்கரை உண்டு எழுநூறு பேருக்கு மேல் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தனர். ஈ-கோலை இனத்தைச் சேர்ந்த ஒரு கொடிய கிருமியே அதற்குக் காரணம். அது சிறு குழந்தைகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்ய வல்லது. மறு ஆண்டு, 1994இல், அக்கிருமி காணப்படும் அரைத்த இறைச்சியை விற்பனைக்கு ஆகாத கலப்படப் பொருள் என்றே அந்நாட்டு அரசு அறிவித்தது.

ஆகவே, அரைத்த மாட்டிறைச்சியின் நடுப்பகுதி 71 பாகை செல்சியஸ், அதாவது அவர்கள் கணக்கில் 160 பாகை பாரன்ஹீட், வெப்பத்தை எட்ட வேண்டும். நிறத்தை நம்புதல் கூடாது; கறியில் குத்திப் பார்க்கும் சிறிய வெப்பமானியை அங்கே கடைகளில் விற்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாளுக்கு மேல் பச்சையாக வைக்க வேண்டாம். மொத்தமாக வாங்கியதை அன்றே ஒரு வேளைக்கு உரிய சிறு பொதிகளாகப் பிரித்து, தட்டையாக அழுத்தி, தேதி எழுதி உறைபகுதியில் வையுங்கள். சமைக்கும் முன் மேசை மீது போட்டு வைத்துப் பனி நீக்காமல், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டிலேயே வைத்து மெல்ல இளகச் செய்யுங்கள். நாம் மசாலையிட்டு நெடுநேரம் கொதிக்க வைக்கும் குழம்பில் இந்த அபாயம் குறைவு. பிள்ளைகள் அவசரத்தில் வாட்டித் தரும் அடையில்தான் நடுப்பகுதி வேகாமல் போகிறது. நம் ஊர்க் கொத்துக்கறிக்கும் இதே விதிதான். கண் முன்னே கொத்தித் தரச் சொல்லி வாங்கி, அன்றே நன்றாக வேக வைத்து உண்ண வேண்டும்.

சமையலறை வினா இத்துடன் முடிந்தது. இனி ஆன்மாவின் வினாவுக்கு வருவோம்.

மாட்டிறைச்சி உண்பது பாவமா? இல்லவே இல்லை. மம்ரே என்னுமிடத்தில் தன் கூடாரத்திற்கு வந்த மூன்று விருந்தினருக்கு நம் விசுவாசத்தின் தந்தையாகிய ஆபிரகாம் இளங்கன்றைச் சமைத்துப் படைத்தார் எனத் தொடக்க நூல் கூறுகிறது. லேவியர் நூலின் உணவுச் சட்டத்திலும், குளம்பு பிளந்து அசைபோடும் மாடு தூய விலங்குகளின் வரிசையிலேயே நிற்கிறது. ஊதாரி மைந்தன் திரும்பி வந்தபோது தந்தை அடிக்கச் சொன்னது கொழுத்த கன்றையே. ஆட்டையோ கோழியையோ அன்று! தவக்காலத்தில் அவ்வுவமையை வாசிக்கக் கேட்கும்போது நம்முள் எவரும் முகம் சுளிப்பதில்லை. வெள்ளிக்கிழமை ஒறுத்தலைக் குறித்த திருச்சபைச் சட்டமும் இறைச்சி என்றுதான் சொல்கிறதே ஒழிய, ஆட்டுக்கறி உயர்ந்தது, மாட்டுக்கறி தாழ்ந்தது என்று தரம் பிரிப்பதில்லை.

ஆகவே பயணம் புறப்படும் தாய்மாரே, மனக்கலக்கமின்றிச் செல்லுங்கள். விரும்பினால் சமையுங்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஆயினும் இவ்வளவில் எழுதுகோலை வைத்துவிட என் மனம் இடம் தரவில்லை. ஏனெனில், இவ்வினாவுக்குப் பின்னே கேட்கப்படாத மற்றொரு வினா ஒளிந்திருப்பதைக் காண்கிறேன்.

ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். வெளிநாட்டில் உள்ள மகன் அனுப்பிய படத்தைக் கைப்பேசியில் பெருமையோடு காட்டினார்கள். ஆள் உயரக் கைவண்டி. அதன் நிறையப் பொட்டலங்கள். நடுவே சிவந்த இறைச்சி அடைகள். “பீஃப் சாமி. அங்கே எல்லாம் சுத்தம். பேரனுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது” என்று மகிழ்ந்தார்கள். சற்று நேரத்தில் பேச்சு பங்குத் திருவிழாவின் பொது விருந்தைப் பற்றித் திரும்பிற்று. காலனித் தெருவில் உள்ள அன்பியத்தினர் இவ்வாண்டு சமையற் பொறுப்பை ஏற்க முன்வந்துள்ளனர் என்றேன். உடனே முகங்கள் மாறின. “சாமி தப்பாக நினைக்கக் கூடாது. அவர்கள் பெரிய கறி சமைக்கிற பாத்திரம். நாங்கள் எப்படிச் சாப்பிடுவது?”

அன்பானவர்களே, மாடு ஒன்றுதான். அமெரிக்காவில் அதற்குப் பெயர் பீஃப், அது பெருமை. காலனியில் அதற்குப் பெயர் பெரிய கறி, அது தீட்டு. கடல் கடந்ததும் இறைச்சியின் இயல்பு மாறிவிட்டதா? மாறியது உண்பவர் யார் என்பதே. நாம் விலக்குவது கறியை அன்று, ஆளை. கறி ஒரு சாக்கு.

இச்சாக்கு மிகப் பழையது. நம் திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டுக் கரையில் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்த்துக்கீசியர் குடியேறினர். 1613இல் ஒல்லாந்தர் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினர். கடற்கரையெங்கும் இவ்வாறு வந்திறங்கிய ஐரோப்பியரைத் தமிழ் மக்கள் பறங்கியர் என்றனர். பறங்கியர் என்றால் மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், எளிய குலத்தாரோடு கலந்து பழகுபவர் என்ற எண்ணம் உயர்குலத்தாரிடையே வேரூன்றிவிட்டது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகராகிய இராபர்ட் தெ நொபிலி சுவாமிகள், நற்செய்திக்கு இதுவே தடையாக நிற்பதைக் கண்டார். இறைச்சியை அறவே துறந்து, சோறும் காய்கறியும் பாலும் கொண்டு, காவியுடுத்தித் துறவியாக வாழ்ந்தார். ஆன்மாக்களை ஆதாயமாக்க அவர் மேற்கொண்ட தவத்தை நாம் மதிக்க வேண்டும். இறுதிக் காலத்தில் நம் மயிலாப்பூரில் வாழ்ந்து 1656இல் அங்கேயே மரித்தவர் அவர்.

ஆயினும் வரலாற்றை முழுமையாகச் சொல்லுதல் வேண்டும். அவரது வழியை ஆராய்ந்து 1623ஆம் ஆண்டு திருத்தந்தை 15ஆம் கிரகோரியார் பூணூல், குடுமி, சந்தனம் முதலிய வழக்கங்களுக்குச் சில நிபந்தனைகளோடு இசைவளித்தார். அதே ஆவணத்தில், உயர்குலத்தில் பிறந்தோர் எளியோரை இகழலாகாது என்றும், சிறப்பாக இறைவார்த்தை கேட்கும் இடத்திலும் தேவதிரவிய அனுமானங்களைப் பெறும் இடத்திலும் அவ்வாறு செய்யலாகாது என்றும் வருந்தி வேண்டிக்கொண்டார். இசைவை நம் முன்னோர் கெட்டியாகப் பற்றிக்கொண்டனர். வேண்டுகோளைக் காற்றில் விட்டனர். சோற்றுக்குத் தனிப் பந்தி, சாவுக்குத் தனிக் கல்லறை, சில ஊர்களில் கோயிலுக்குள்ளேயே தடுப்புச் சுவர் என்று நெடுங்காலம் கழிந்தது.

1982ஆம் ஆண்டு திருச்சியில் கூடிய இந்திய ஆயர் பேரவை, சாதி மனப்பான்மைக்குக் கிறிஸ்தவத்தில் இடமே இல்லை என்று அறிவித்தது. 2003ஆம் ஆண்டு நவம்பரில் தம்மைச் சந்தித்த தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் சாதி அடிப்படையிலான பாகுபாட்டைக் கடிந்து பேசினார். 2016ஆம் ஆண்டு, தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஆயர் பேரவை தனிக் கொள்கை ஒன்றையே வெளியிட வேண்டியதாயிற்று. 1623 முதல் 2016 வரை ஏறத்தாழ நானூறு ஆண்டுகள். ஒரே பாடத்தை ஆசிரியர் நானூறு ஆண்டுகள் திரும்பத் திரும்ப நடத்துகிறார் என்றால், மாணவரைப் பற்றி என்ன சொல்வது?

இப்பாடம் வேதாகமத்திலேயே உள்ளது. யோப்பா நகரில் மாடி மீது செபித்துக்கொண்டிருந்த இராயப்பருக்கு, எல்லா வகை விலங்குகளும் நிறைந்த விரிப்பு ஒன்று வானினின்று இறங்கக் காட்சி கிடைத்தது. உண்ணுமாறு குரல் கேட்டது; தீட்டானதை நான் தொட்டதில்லை என்று மறுத்தார். அக்காட்சி உணவைப் பற்றியது என்றுதான் முதலில் நினைத்தார். பிற இனத்தவரான கொர்நேலியுவின் வீட்டு வாயிலில் நின்றபோதுதான், எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லலாகாது என்பதே அதன் பொருள் என விளங்கிற்று. தட்டிலிருந்து தொடங்கி மனிதனில் முடிந்தது அப்பாடம்.

கற்ற பின்னும் இராயப்பர் தடுமாறினார். அந்தியோக்கியாவில் பிற இனக் கிறிஸ்தவரோடு ஒன்றாக அமர்ந்து உண்டு வந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், என்ன சொல்வார்களோ என்று அஞ்சி, பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். சின்னப்பர் என்று நம் முன்னோர் அழைத்த புனித பவுல் அவரை நேருக்கு நேர் எதிர்த்து நின்றார் என்பதைக் கலாத்தியர் திருமுகத்தில் வாசிக்கிறோம். முதல் பாப்பரசரே ஆனாலும் பந்தி விலகியதற்காகக் கண்டிக்கப்பட்டார்! தனித்தனியே உண்பது வெறும் வழக்கம், அதில் விசுவாசத்திற்கு இழுக்கேதும் இல்லை என்று இனி யார் கூற இயலும்?

இங்கே சிலர் ஒரு மறுப்பை எழுப்பக்கூடும். இறைச்சி உண்பது தன் சகோதரனுக்கு இடறலாகுமானால் ஒருபோதும் உண்ணேன் என்று அதே சின்னப்பர்தானே கொரிந்தியருக்கு எழுதினார் என்பார்கள். உண்மைதான். பசுவைத் தெய்வமாகப் போற்றும் இந்து அயலார் நமக்கு உண்டு. அவர்கள் மனம் நோகாதபடி அவர்கள் கண் முன் உண்ணாதிருப்பதும், அவர்கள் விருந்தினராக வரும் நாளில் சமைக்காதிருப்பதும் நாகரிகம், பிறரன்பும் ஆகும். உடல்நலம் கருதியோ, பழக்கமின்மையாலோ, விலங்குகள் மீதான இரக்கத்தாலோ ஒருவர் மாட்டிறைச்சியை விலக்கினால் அதுவும் அவரது உரிமை. யாரும் யாரையும் உண்ணச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாகாது. ஆனால் சின்னப்பர் விலக்கச் சொன்னது இறைச்சியை. அதுவும் சகோதரன் பொருட்டு. நாம் விலக்குவதோ சகோதரனை, இறைச்சியின் பொருட்டு. இரண்டுக்கும் விண்ணுக்கும் மண்ணுக்கும் உள்ள தூரம்.

சட்டத்திற்கு விரோதமன்றோ என்று வினவுவோரும் உண்டு. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனவிருத்திக்கும் பயன்படாத மாடுகளையும், காயத்தாலும் தீராத நோயாலும் நிரந்தரமாக முடங்கியவற்றையும், அதிகாரியின் சான்று பெற்று அறுக்கலாம். 1976ஆம் ஆண்டின் அரசாணை பசுவை அறுப்பதைத் தடுத்தது. 2017ஆம் ஆண்டு மே மாதம் மைய அரசு மாட்டுச் சந்தைகளைக் குறித்து விதித்த கட்டுப்பாடுகளுக்கு, மதுரையில் உள்ள உயர்நீதிமன்றக் கிளை ஒரே வாரத்தில் இடைக்காலத் தடை விதித்தது. அத்தடையை உச்சநீதிமன்றம் சூலைத் திங்களில் நாடு முழுமைக்கும் நீட்டித்தது. நம் நாட்டிலிருந்து எருமை இறைச்சி பெருமளவில் மலேசியாவுக்கும் எகிப்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் கப்பலேறுகிறது. அங்கே பணி செய்யும் நம் பிள்ளைகள் வாங்கும் உறைந்த இறைச்சி நம் நாட்டிலிருந்தே சென்றதாகவும் இருக்கலாம். கப்பலில் ஏறினால் அந்நியச் செலாவணி. காலனி அடுப்பில் ஏறினால் அசுத்தம். இதென்ன நியாயம்?

2022ஆம் ஆண்டு மே மாதம் ஆம்பூரில் அரசு சார்பில் பிரியாணித் திருவிழா நடத்தத் திட்டமிட்டபோது, அவ்வூரில் பலரும் விரும்பி உண்ணும் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு மட்டும் இடம் மறுக்கப்பட்டது. இது பாகுபாடு ஆகாதா என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. விழாவோ மழையைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டது. ஒரு மக்களின் உணவைப் பந்தியிலிருந்து அகற்றுவது அம்மக்களையே அகற்றுவதாகும் என்பதை ஓர் அரசு ஆணையம் உணர்ந்தது. நற்கருணைப் பந்தியில் ஒரே அப்பத்தை உண்ணும் நாம் அதை உணர வேண்டாமா?

மேலும் எண்ணிப் பாருங்கள். ஆட்டுக்கறியின் விலையில் பாதிக்கும் குறைவான விலைக்கு, புரதமும் இரும்புச் சத்தும் நிறைந்த உணவாக ஏழைத் தாய்க்குக் கிடைப்பது மாட்டுக்கறி. விற்றது போக மிஞ்சியதை உப்பிட்டு வெயிலில் உலர்த்தி உப்புக்கண்டமாக்கி, குளிர்சாதனப் பெட்டியின் உதவியின்றி மழைக்காலத்திற்குச் சேமித்து வைத்த அவளது அறிவு, கிடங்கு அங்காடிக்காரரின் அறிவுக்கு எள்ளளவும் குறைந்ததன்று. அம்மாட்டின் தோலில் செய்த காலணியை வாசலில் கழற்றிவிட்டுத்தான் பலர் கோயிலுக்குள் நுழைகிறோம். மாட்டுத்தோல் இன்றி மரபான மிருதங்கம் இல்லை. அதைச் செய்து தரும் தஞ்சைக் கைவினைஞருள் தலைமுறை தலைமுறையாக உழைக்கும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டு. இசைக்கலைஞர் டி. எம். கிருஷ்ணா அவர்களைக் குறித்து 2020இல் ஒரு நூலே எழுதினார். செருப்பு வேண்டும், மிருதங்கம் வேண்டும். அவற்றைத் தருவோரின் கைச் சோறு மட்டும் வேண்டாம் என்பது எவ்வகைத் தூய்மை?

நம் தொழிற்பேட்டைக்கு ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உழைக்கும் இளைஞர் பலர் உள்ளனர். அவர்களுள் கத்தோலிக்கப் பழங்குடியினரும் உண்டு. ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்பவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். வாடகைக்கு அறை கேட்டுச் செல்லும்போது, என்ன சமைப்பாய் என்பதே அவர்களிடம் கேட்கப்படும் முதற் கேள்வி. நம் மகனும் அயல் நாட்டில் வாடகை வீட்டில் இருப்பவனே. அவன் தாளிக்கும் குழம்பின் மணத்திற்கு அங்கே பக்கத்து வீட்டார் முகம் சுளித்தார் என்று கேட்டால் நம் வயிறு எப்படி எரிகிறது! அங்கே நம் பிள்ளைக்கு நாம் எதிர்பார்க்கும் மரியாதையை இங்கே பிறர் பிள்ளைக்கு அளிப்பதே ஆண்டவர் கற்பித்த பொன்விதியாகும்.

ஆகவே நான் உங்களைக் கேட்டுக்கொள்வன மூன்று.

முதலாவது, பிள்ளைகள் முன் ‘பெரிய கறி தின்கிறவர்கள்’ என்ற சொல்லை இழிவாக எடுக்காதீர்கள். பள்ளியில் தம் சோற்றுப் பெட்டியைத் திறக்கக் கூசும் பிள்ளை ஒன்று அச்சொல்லால்தான் உருவாகிறது. அப்பிள்ளையும் உங்கள் பிள்ளையோடு சேர்ந்து புதுநன்மை வாங்கிய பிள்ளைதான்.

இரண்டாவது, பங்குத் திருவிழாவின் பொது விருந்தில் யார் சமைத்தார், எந்தப் பாத்திரம் என்று விசாரியாமல் பந்தியில் அமருங்கள். அன்று பரிமாறுவது சாம்பார் சோறாகவும் இருக்கலாம். அங்கே சோதிக்கப்படுவது உங்கள் நாக்கு அன்று, உங்கள் விசுவாசம்.

மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். நீங்கள் அங்கே எல்லா இனத்தவரோடும் ஒரே மேசையில் அமர்ந்து பர்கர் உண்கிறீர்கள். அவ்விடுதலையை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வராதீர்கள். ஊருக்கு வந்ததும் பெற்றோரின் பழைய அச்சத்திற்குப் பணிந்து பேசாதிருப்பதைவிட, அவர்கள் கையைப் பிடித்து, காலனித் தெருவில் உள்ள உங்கள் பள்ளித் தோழன் வீட்டிற்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். வெளிநாட்டுச் சாக்லெட்டை ஊரெல்லாம் பங்கிடுவதிலும் மேலான அன்பளிப்பு அது.

ஊதாரி மைந்தனின் உவமையில் ஒருவன் மட்டும் விருந்துக்கு வெளியே நின்றான் என்பதை நினைவுகூருங்கள். கொழுத்த கன்றின் கறி மணம் முற்றமெங்கும் பரவியது. ஆடலும் பாடலும் கேட்டன. ஆயினும் மூத்த மகன் உள்ளே வர மறுத்தான். அவனுக்குக் கறியின் மீது வெறுப்பில்லை. அதை அருகிலிருந்து உண்ணும் தம்பி மீதே வெறுப்பு. தந்தை வெளியே வந்து அவனை வருந்தி அழைத்தார். அவன் உள்ளே சென்றானா இல்லையா என்பதை ஆண்டவர் சொல்லாமலே விட்டார். அதற்குரிய விடையை நம் பங்குத் திருவிழாப் பந்தியில் நாம்தான் கூற வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே பந்தி விரித்த இறைவன் உங்கள் இல்லங்களையும், உங்கள் அடுப்பையும், தொலைநாட்டில் உழைக்கும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.